திரைக்குப் பின்னால் விழுந்த பகடை

நான்கு பகடைகள் விழுந்தன. ஆறு, ஐந்து, ஐந்து, மூன்று. கூட்டினால் 19. நான் வாய்விட்டுச் சொன்னது 13.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் கத்திய கத்தலில் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டினார். முனியாண்டி பிழைத்துவிட்டார். கார்குழலி தோற்றுவிட்டாள். இருவருமே தாளில் பென்சிலால் எழுதப்பட்ட ஆட்கள்தான். அந்த ராத்திரி யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை, ஒரு வெள்ளிகூடக் கைமாறவில்லை. ஆனாலும் அந்த ஆறு எண் வித்தியாசம் எனக்குள் கிடந்து உறுத்திக்கொண்டே இருக்கிறது. எழுதிப் பார்த்தால் என்ன உறுத்துகிறது என்றாவது தெரியும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடியவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். 1974இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் உருவாக்கி வெளியிட்ட ஆட்டம் அது. நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவதுதான் ஆட்டம். ஆளுக்கொரு கதாபாத்திரம். ஒருவர் மட்டும் டஞ்சன் மாஸ்டர், சுருக்கமாக டி.எம். உலகம், வானிலை, அரக்கர்கள், கடைக்காரர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. நீங்கள் ‘மதிலைத் தாண்டுறேன்’ என்பீர்கள். தாண்டினீர்களா விழுந்தீர்களா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். பகடை சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பதை டி.எம். சொல்வார். அவருக்கு முன்னால் ஓர் அட்டைத் திரை நிற்கும். வரைபடமும் குறிப்புகளும் அதற்குப் பின்னால் இருக்கும். அவர் உருட்டும் பகடையும் அங்கேதான் விழும். எங்கள் குழுவில் டி.எம். நான்.

நாங்கள் ஐந்து பேரும் ஒரே பல்கலைக்கழகம், ஒரே பொறியியல் பிரிவு. படிக்கும் காலத்தில் இந்த ஆட்டத்தைத் தொட்டதில்லை. 2020 மார்ச் 18 நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து ஆளுக்கொரு மூலையில் அடைபட்ட பிறகுதான் டிஸ்கார்டில் ஆரம்பித்தோம். அப்போது பகடையை உருட்டியது ஒரு பாட். கட்டளையைத் தட்டினால் எண் எல்லார் முன்னாலும் வந்து நிற்கும். பொய் சொல்ல வழியே கிடையாது. நேரில் கூடி, பூச்சோங்கில் வாடகை வீட்டு மேசையில் அட்டைத் திரையை நிறுத்திய பிறகுதான் அந்த வசதி எனக்கு வந்தது. நட்பு நெருங்கி உட்கார்ந்த இடத்தில்தான் பொய்க்கும் இடம் கிடைத்தது என்பது கொஞ்சம் வேடிக்கைதான்.

முனியாண்டி கெடாக்கார நண்பனின் கதாபாத்திரம். மற்றவர்கள் எல்ஃப், டுவார்ஃப் என்று போனபோது அவன் செய்தது எழுபது வயது மனித மந்திரவாதி. கோல் கிடையாது, கையில் சுருட்டு. புகையில்தான் மந்திரம் வரும். முதலில் சிரித்தோம். பிறகுதான் சொன்னான், அது அவன் தாத்தா. பகலில் பால்மரம் வெட்டி, பொழுது சாய்ந்தால் தோட்டத்து முனியாண்டி கோயிலில் விளக்கேற்றியவர். 2020 ஏப்ரலில் இறந்துபோனார். இவன் அப்போது ஜொகூரில் மாட்டிக்கொண்டிருந்தான். மாநில எல்லையைத் தாண்டப் போலீஸ் அனுமதி கிடைப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அடக்கத்தை வாட்சப் வீடியோவில் பார்த்தான். அடுத்த மாதம் முனியாண்டி எங்கள் ஆட்டத்துக்குள் வந்தார்.

கார்குழலிக்கு அப்படி ஒரு கதை இல்லை. அவளை ஆடிய தோழி கணக்குப் பார்த்து, விதிப்புத்தகத்தைக் கரைத்துக் குடித்து உருவாக்கிய மந்திரவாதி. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்குப் பிறகும் அவள் ஒரு நோட்டில் கார்குழலியின் நாட்குறிப்பாக இரண்டு பக்கம் எழுதுவாள். மூன்று வருடம் எழுதினாள். இதை இப்போது சொல்லி வைக்கிறேன், ஏனென்றால் அந்த ராத்திரி எனக்கு இது ஞாபகம் வரவில்லை.

கதையில் முனியாண்டியும் கார்குழலியும் ஒரே குருவின் சீடர்கள். குரு இறந்தார். அவர் விட்டுப்போனது ஒரே ஒரு சுவடி. யாருக்கு என்று சொல்லவில்லை. ஆறு மாத ஆட்டம் அந்தச் சுவடியைச் சுற்றியே போனது. கடைசியில் இருவரும் சேர்ந்து என்னிடம் கேட்டார்கள்: மந்திரப் போர் வேண்டும், ஒருவருக்கு ஒருவர், வேறு யாரும் நடுவில் வரக்கூடாது.

2014ஆம் ஆண்டு விதிப்புத்தகத்தை வைத்து அந்தப் போரைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஐந்தாம் நிலை மந்திரவாதிக்கு, உடற்கட்டு ஓரளவு நன்றாக இருந்தால், உயிர்ப்புள்ளி 32. ஃபயர்பால் என்ற நெருப்பு உருண்டைக்கு எட்டுப் பகடை, சராசரி 28. ஒன்று சரியாக விழுந்தாலே ஆள் குற்றுயிர். அதைத் தடுக்கக் கவுண்டர்ஸ்பெல். எதிரி மந்திரம் சொல்லும்போதே கையை உயர்த்தி அணைத்துவிடலாம். அணைப்பதையும் அணைக்கலாம். ஆனால் அந்த அளவு மந்திரம் நாளொன்றுக்கு இரண்டே முறைதான். போட்ட மந்திரம் மனசிலிருந்து அழிந்துபோகும் என்ற யோசனையைக் கைகாக்ஸ் ஜாக் வான்ஸின் கதைகளிலிருந்து எடுத்தார். கதையில் அது அழகு. இருவர் மோதும்போது அது துப்பாக்கிக் குண்டை எண்ணுவது மாதிரிதான் ஆகிறது. யார் முந்துகிறார்கள், யாரிடம் கடைசியில் ஒன்று மிச்சம், அவ்வளவுதான். முந்துவதையும் ஒரு பகடைதான் முடிவுசெய்கிறது. கணக்கைக் காட்டியதும் அவள் சொன்னாள்: “இது சண்டை இல்லடா, காசு சுண்டுறது.”

அதனால் நானே விதி எழுதினேன். ஹோம்ப்ரூ என்பார்கள். வீட்டில் காய்ச்சிய சரக்கு.

எழுதுவதற்கு முன் மந்திரப் போர்களாகத் தேடித் தேடிப் பார்த்தேன். 1963இல் வந்த டிஸ்னி படம் ஒன்றில் மெர்லினும் மேடம் மிம் என்ற சூனியக்காரியும் மோதுவார்கள். ஆரம்பிக்கும் முன்பே விதி பேசிக்கொள்வார்கள். மிருகமாக மட்டும் மாறலாம், இளஞ்சிவப்பு டிராகன் மாதிரிக் கற்பனைப் பிராணி ஆகக்கூடாது, மறைந்துபோகக் கூடாது. முதல் வேலையாக மிம் மறைந்துபோவாள். கடைசியில் ஊதா நிற டிராகனாக வந்து நிற்பாள், ஊதா என்று நான் சொல்லவே இல்லையே என்று. மெர்லின் ஒரு நோய்க்கிருமியாக மாறி அவளுக்குள் புகுந்து ஜெயிப்பார். கிருமி எப்படி மிருகம் ஆகும் என்று யாராவது கேட்டார்களா தெரியாது. என் கணக்குப்படி அவரும் விதியை மீறியவர்தான். நல்லவர் என்பதால் விட்டுவிடுகிறோம்.

இந்த நாட்டில் பள்ளிக்கூடம் போனவர்களுக்கு இன்னொரு போர் மனப்பாடம். ஹங் துவாவும் ஹங் ஜெபாட்டும். தாமிங் சாரி கிரிஸ் ஜெபாட்டின் கையில் இருக்கும்வரை அவனை ஒன்றும் செய்ய முடியாது. துவா தந்திரமாக அதைக் கைப்பற்றிய பிறகுதான் கதை முடிகிறது. துவா சரியா, ஜெபாட் சரியா என்று இன்னும் சண்டை போடுகிறோம். விதி எழுதுகிறவனுக்கு அதில் கிடைத்த பாடம் சின்னது: ஒரு பொருள் யார் கையில் இருக்கிறது என்பதே போரை முடித்துவிட்டால், மோதும் இரண்டு மனிதர்களும் வெறும் கைப்பிடிகள். என் போரில் மந்திரப் பொருள் எதுவும் கூடாது என்று முடிவுசெய்தேன்.

கடைசியில் கைகொடுத்தது சின்ன வயது வன்-டு-சோம். பறவை, தண்ணீர், கல். பறவை தண்ணீரைக் குடிக்கும், தண்ணீர் கல்லை மூழ்கடிக்கும், கல் பறவையை அடிக்கும். ஆளுக்கு மூன்று அட்டை, ஆளுக்கு ஏழு மூச்சு. மூச்சுக்குக் கணக்காகச் சோங்காக் பலகையின் சிப்பிகள். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் அட்டையைக் கவிழ்த்து வைத்து, கூடவே எத்தனை மூச்சை அதில் போடுகிறோம் என்பதைக் கைக்குள் மறைத்து வைக்க வேண்டும். ஒரே நேரத்தில் திறக்க வேண்டும். வென்றவரின் மூச்சு அவருக்கே திரும்பும், தோற்றவர் போட்டது போச்சு. இரண்டும் ஒரே அட்டையானால் அதிகம் போட்டவருக்கு வெற்றி. இதில் வேகம் இல்லை, அதிர்ஷ்டமும் அதிகம் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவன் பயந்தால் என்ன செய்வான் என்று தெரிந்திருக்க வேண்டும். மூன்று வருடம் கூட ஆடியவர்களுக்கு அது தெரியும்.

இதற்குமேல் இரண்டு விதி. ஒன்றின் பெயர் ‘போதும்’. அட்டையைத் திறப்பதற்கு முன் யார் வேண்டுமானாலும் போதும் என்று சொல்லி விலகலாம். சுவடி எதிரிக்குப் போகும், விலகியவர் தன் மந்திரங்களில் ஒன்றை நிரந்தரமாக இழப்பார், உயிர் போகாது. இன்னொன்று ‘கடைசி மூச்சு’. ஏழும் தீர்ந்த பிறகும் நிற்க விரும்புகிறவர் தன் உயிரை எரித்து மூச்சு வாங்கலாம். ஒரு மூச்சுக்கு ஓர் ஆறுமுகப் பகடை, விழுந்த எண் உயிர்ப்புள்ளியில் கழியும். கழித்த பிறகு ஒன்றும் மிச்சம் இல்லை என்றால் அட்டை ஜெயித்திருந்தாலும் ஆள் செத்தார். அந்தப் பகடையை உருட்டுவது டி.எம். திரைக்குப் பின்னால். எவ்வளவு கழிந்தது என்று சொல்லமாட்டேன். நம் உடம்பில் எவ்வளவு மிச்சம் என்று நமக்கு எப்போது தெரிந்திருக்கிறது? இந்த வரியை என் குறிப்பில் அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். ரொம்பப் பெருமையாக இருந்தது.

அந்தப் பெருமைதான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சனிக்கிழமை ராத்திரி. அவள் நன்றாக ஆடினாள். பறவையைக் காட்டிக் காட்டி அவனைக் கல்லுக்குப் பழக்கிவிட்டு, சரியான நேரத்தில் தண்ணீரை இறக்கினாள். ஆறாவது சுற்றில் முனியாண்டிக்கு மூச்சு தீர்ந்தது. அவன் மூன்று பகடைக்கு உயிரை எரித்தான். திரைக்குப் பின்னால் 15 விழுந்தது. 32இல் மிச்சம் 17. அது அவனுக்குத் தெரியாது. மூன்று பகடையின் சராசரி பத்தரை. அதனால் இன்னும் 21, 22 இருக்கும் என்று நினைத்திருப்பான். அந்தச் சுற்றில் ஒரே அட்டை, அவன் அதிகம் போட்டிருந்தான், தப்பினான். ஆனால் எரித்து வாங்கும் மூச்சு வென்றாலும் திரும்பாது. அடுத்த சுற்றில் மறுபடி வாங்க வேண்டும். நான்கு பகடை கேட்டான். வாயில் பற்ற வைக்காத சுருட்டு. தாத்தா பிடித்த அதே ரகம் என்று கெடாவிலிருந்து வாங்கி வந்திருந்தான். அவளும் மிச்சமிருந்த சிப்பிகளை எல்லாம் போட்டாள். அட்டைகள் திறந்தன. அவன் கல், அவள் பறவை. மிச்சமிருந்தது பகடைதான்.

ஆறு, ஐந்து, ஐந்து, மூன்று.

ஒரு வினாடிதான் இருக்கும். அதற்குள் இரண்டு எண்ணம் ஓடியது. முதலாவது, இந்தத் தாத்தா இவனுக்கு இரண்டாவது தடவை சாகக்கூடாது. இரண்டாவது, கணக்கு. நான்கு பகடையில் 17 அல்லது அதற்கு மேல் விழும் வாய்ப்பு 1296க்கு 310, கிட்டத்தட்ட நான்கில் ஒன்று. அவன் நினைத்தபடி 21 மிச்சமிருந்தால் ஆபத்து நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அதாவது நான்கில் ஒரு பங்கு சாவுக்குள் அவனை நடக்கவிட்டது அவன் துணிச்சல் இல்லை, அடிக்கோடிட்ட என் வரி. என் விதியில் இருந்த ஓட்டையை அடைக்க நான் ஓர் எண்ணை மாற்றினேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேலையிடத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் யாருக்கும் தெரியாமல் ஒரு வரியைத் திருத்துவோமே, அது மாதிரி.

கார்குழலி குருவின் பெயரைச் சொல்லும் உரிமையை இழந்து கதையிலிருந்து வெளியேறினாள். தோழி எழுந்து அவனுக்குக் கைகொடுத்தாள். அடுத்த மாதம் புதிதாக ஒரு வில்லாளியை உருவாக்கிக்கொண்டு வந்தாள். நோட்டைக் கொண்டு வரவில்லை.

டி.எம்.கள் இப்படிச் செய்வது புதிது இல்லை. பகடையை மீறும் உரிமை டி.எம்முக்கு உண்டு என்று கைகாக்ஸே 1979இல் வந்த டி.எம். கையேட்டில் எழுதியிருக்கிறார். 2014ஆம் ஆண்டுக் கையேடும் திரைக்குப் பின்னால் உருட்டினால் முடிவை மாற்றிக்கொள்ளலாம் என்கிறது. அடிக்கடி வேண்டாம், செய்வது தெரியவும் வேண்டாம் என்று கூடவே ஓர் அறிவுரை. தெரிந்தால் ஆட்டக்காரர்கள் ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடுவார்கள், அதைவிட மோசம், நீ ஒருவர் பக்கம் சாய்கிறாய் என்று நினைத்துவிடுவார்கள். இந்த இடத்தைப் பல தடவை படித்திருக்கிறேன். சாய்வதைப் பற்றி அதற்குப் பெரிய கவலை இல்லை. சாய்ந்தது தெரிவதைப் பற்றித்தான் கவலை.

ஜான் ரால்ஸ் 1955இல் விதிகளைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். ஒரு விதி வேண்டுமா என்று கேட்பது ஒரு கேள்வி. அந்த விதிக்குள் நின்றுகொண்டு இப்போது என்ன செய்வது என்று கேட்பது இன்னொரு கேள்வி. இரண்டையும் குழப்பக் கூடாது என்பார். பேஸ்பால் ஆட்டக்காரன் ஒருவன் மூன்று வாய்ப்புக்குப் பதில் இன்றைக்கு மட்டும் எனக்கு நான்கு கொடுத்தால் எல்லாருக்கும் நல்லது என்று கேட்டால், அதை நகைச்சுவையாக எடுத்துக்கொள்வதுதான் அவனுக்குச் செய்யும் மரியாதை. படித்ததும் என்னைப் பிடித்துவிட்டார் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை வரை நான் விதி எழுதுகிறவன், எதை வேண்டுமானாலும் மாற்றலாம். சனிக்கிழமை ராத்திரி நான் நடுவர். தொப்பியை மாற்றிப் போட்டதுதான் தப்பு.

ஆனால் யோசித்தால் ரால்ஸிடமிருந்து தப்பிக்க வழி இருக்கிறது. இந்த ஆட்டத்தில் டி.எம். சொன்னதே முடிவு என்பதும் ஒரு விதிதான். அதற்குக் கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டுதான் எல்லாரும் உட்கார்ந்தார்கள். பேஸ்பாலில் இல்லாத நாலாவது வாய்ப்பு இங்கே புத்தகத்திலேயே அச்சாகி இருக்கிறது. அப்படியென்றால் நான் எந்த விதியையும் மீறவில்லை. இந்த வாதத்தை வைத்துக்கொண்டு எட்டு மாதம் நிம்மதியாகத் தூங்கினேன் என்று சொல்லலாம், பெரும்பாலும்.

எட்டு மாதம் கழித்து ஒரு மாமாக் கடையில் மற்றவர்களுக்காகக் காத்திருந்தோம், அவளும் நானும். தே தாரிக்கை ஆற்றிக்கொண்டே கேட்டாள்.

“அன்னிக்கி 19தானே விழுந்துச்சு?”

எனக்குப் பதில் வரவில்லை.

“உனக்குப் பின்னால சன்னல் கண்ணாடி. வெளிய இருட்டு. உன் மேச மொத்தமும் அதுல தெரியும். மூணு வருசமா நீ நேர்ல உக்காந்து ஆடவிட்டதில்ல, அதான் உனக்குத் தெரியல.”

“அப்பவே ஏன் சொல்லல?”

“அவன் மூஞ்சிய பாத்தியா நீ? எப்படிச் சொல்றது?”

மன்னிப்புக் கேட்டேன். அவள் கையை ஆட்டித் தடுத்தாள். அதற்குப் பிறகு சொன்னதை என்னால் முடிந்தவரை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன். “அவன் ஜெயிச்சதுல எனக்கு ஒன்னும் இல்லடா. நானும் அதான் ஆசப்பட்டிருப்பேன். ஆனா பகட விழுந்ததுக்கும் நீ நம்பர் சொன்னதுக்கும் நடுவுல ஒரு எடம் இருந்துச்சுல்ல, அங்க நீ மட்டும் போய் நின்னுக்கிட்ட. என்னையும் கூப்பிட்டிருக்கலாம். கேட்டிருந்தா நானே போதும்னு சொல்லியிருப்பேன். விட்டுக்கொடுக்கிறதுக்கு என்கிட்டதான் ஏதோ இருந்துச்சு. நீ எங்கிட்ட இருந்து எடுத்து உன் பேர்ல கொடுத்துட்ட.”

ரோத்தி வந்தது. மற்றவர்களும் வந்துவிட்டார்கள். பேச்சு வேறு பக்கம் போனது.

அரக்கனோடு சண்டை நடக்கும்போது டி.எம். ஓர் எண்ணைக் குறைத்துச் சொன்னால் நஷ்டம் அரக்கனுக்கு. அரக்கனை ஆடுவதும் டி.எம்.தான். என் பையிலிருந்து எடுத்து உனக்குக் கொடுக்கிறேன். கையேடுகள் பேசுவது பெரும்பாலும் இந்த மாதிரி இரக்கத்தைப் பற்றி. இருவர் மோதும்போது என் பையில் ஒன்றும் இல்லை. அவனுக்கு நான் கொடுத்த ஆறு எண்ணும் அவளுடைய மூன்று வருடத்திலிருந்து எடுத்தது. இது ஒரு பாதி. இன்னொரு பாதி எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. அவள் வெளிப்படையாகப் போதும் என்று சொல்லியிருந்தால் அவன் மறுத்திருக்கலாம். வேண்டாம், தாத்தா நின்று சாகட்டும் என்று சொல்லியிருக்கலாம். அவன் சொல்லக்கூடியவன்தான். முகத்துக்கு நேரே நீட்டிய இரக்கத்தைத் தள்ளிவிட முடியும். திரைக்குப் பின்னாலிருந்து வந்ததை எப்படித் தள்ளுவது? வந்ததே தெரியாதே.

திருமுறை ஓதும் போட்டிக்காகச் சம்பந்தர் பதிகங்களை மனப்பாடம் செய்த பிள்ளைகளில் நானும் ஒருவன். மதுரையில் அவருக்கும் சமணருக்கும் நடந்த வாதம் சமய வகுப்பில் சொல்லப்பட்ட கதை. எனக்குத் தெரிந்த தமிழ் மந்திரப் போர்களில் அதைப்போல விதி தெளிவாக இருந்தது வேறு இல்லை. ஏட்டை நெருப்பில் போட வேண்டும், எரியாதது வென்றது. ஏட்டை வைகையில் விட வேண்டும், எதிர்த்துப் போவது வென்றது. தோற்றவர்களுக்கு என்ன என்பதும் முன்கூட்டியே பேசப்பட்டது. தோற்றால் அரசன் எங்களைக் கழுவேற்றட்டும் என்று ஆத்திரத்தில் சமணர்களே வாய்விட்டதாகச் சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் எழுதுகிறார். அப்படி ஒரு கழுவேற்றம் உண்மையில் நடந்ததா என்பதை ஆய்வாளர்கள் பலர் ஏற்பதில்லை. என் அக்கறை அதுவல்ல. தோழி பேசியதற்குப் பிறகு பெரியபுராணத்தில் அந்த இடத்தைத் தேடிப் படித்தேன். வென்றவர் அங்கேயே நிற்கிறார். ஏடு கரையேறிவிட்டது, கழுமரம் இன்னும் ஏறவில்லை. நடுவில் ஓர் இடம். போதும் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள் அவர். சம்பந்தருக்குப் பகை இல்லை, ஆனாலும் அவர்கள் மடத்துக்குத் தீ வைத்த காரணத்தால் அரசனைத் தடுக்காமல் இருந்தார் என்கிறார் சேக்கிழார். கதையைச் சொன்னால் மட்டும் போதாது, அவர் ஏன் சும்மா இருந்தார் என்று காரணமும் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒப்பந்தப்படி நடந்ததுதானே என்று விட்டுவிடவில்லை. பக்தராகப் படித்தாலும் சரி, கோபத்தோடு படித்தாலும் சரி, வென்றவரின் மௌனம் வென்றவருடைய கணக்கில்தான் எழுதப்பட்டிருக்கிறது. குலச்சிறையார் கணக்கில் இல்லை, அரசன் கணக்கில்கூட இல்லை.

என் தோழி என்ன செய்திருப்பாள் என்று எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அவ்வளவு நிச்சயம் இல்லை. ஒருவேளை அவளும் பேசாமல் இருந்திருப்பாள். முனியாண்டி செத்திருப்பார். அந்த மௌனம் அவளுடையதாக இருந்திருக்கும், நாட்குறிப்பில் இரண்டு பக்கம் அதைப் பற்றி எழுதியிருப்பாள்.

விதியை மாற்றினேன். கடைசி மூச்சுப் பகடை இனி மேசை நடுவில் விழும். எவ்வளவு மிச்சம் என்பது எல்லாருக்கும் தெரியும். அடிக்கோடிட்ட வரியை அடித்துவிட்டேன். பகடை விழுந்த பிறகு ஒரு நிமிட மணற்கடிகாரம். அது ஓடி முடிவதற்குள் எதிரி ‘போதும்’ சொல்லலாம். சொன்னால் சாகிறவர் ஏற்கலாம், மறுக்கலாம். டி.எம். அந்த ஒரு நிமிடம் வாய் திறக்கக் கூடாது. கடைசி வரியை நான்தான் சேர்த்தேன், யாரும் கேட்கவில்லை. ஆட்டமாகப் பார்த்தால் இந்த விதி கொஞ்சம் மோசம். பழைய விதியில் இருந்த படபடப்பு இதில் பாதிகூட இல்லை. புதியவர்கள் இரண்டு பேரோடு ஆடிப் பார்த்தேன். நிமிடம் முழுக்க இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கட்டுரையை இதழுக்கு அனுப்பும் முன் இதுவரை உள்ளதை அவனுக்கு அனுப்பினேன். இரண்டு நீல டிக் விழுந்தது. நாற்பது நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு அழைத்தான்.

“17தான் மிச்சமா?”

“ஆமா.”

“நான் 21ன்னு நெனச்சேன்லா.” கொஞ்ச நேரம் மூச்சுச் சத்தம் மட்டும். “ரெண்டுலதான் போயிருக்காரு.”

நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவன் கேட்கவில்லை. “அடுத்த சனிக்கிழமை அவள வரச் சொல்லு. கார்குழலியோட தாளு அவகிட்ட இருக்குல்ல? 19ல இருந்து ஆரம்பிக்கலாம். நீ திரைய கொண்டு வராத.”

அவளுக்குச் சொன்னேன். வருகிறேன் என்றாள். நோட்டையும் தேடி எடுத்து வைத்திருக்கிறாளாம். மணல் ஓடி முடிவதற்குள் போதும் என்று சொல்வாயா என்று கேட்டேன்.

“அத நான் ஏன் உன்கிட்ட சொல்லணும்?” என்றாள்.